சமையலறை டைல்ஸ் மேல் லேமினேட் தரை: விற்கும் முன் கேட்க வேண்டியவை



"பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே லேமினேட் தரை போடலாமா?" என்று வாடிக்கையாளர் கேட்பதுண்டு. உடைப்புக் கூலியும் குப்பை அள்ளும் செலவும் மிச்சம் என்பது அவர் கணக்கு. போடலாம் என்பதே பதில். ஆனால் சமையலறைக்கு என்றால், பில் போடும் முன் நாம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் விற்ற சரக்கு, உப்பிய பலகையாக நம் கல்லாவின் முன் திரும்பி வரும்.

சரக்கை அறிவோம்

பலர் இதை 'வுட்டன் ஃப்ளோரிங்' என்றே கேட்கிறார்கள். இது முழு மரம் அன்று. மர நாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப். பலகை, அதன் மேல் மர ரேகை அச்சிட்ட தாள், அதற்கும் மேல் தேய்மானம் தாங்கும் படலம். 1977-இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கிய சரக்கு இது. மேலே சிந்திய நீரை உடனே துடைத்தால் தொல்லையில்லை. இணைப்பு வழியே இறங்கினால் பலகை உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

முதற் கேள்வி: கழுவுவீர்களா, துடைப்பீர்களா?

துடைப்பவருக்கு லேமினேட் கொடுக்கலாம். துடைப்போம், ஆனால் அடிக்கடி தண்ணீர் சிந்தும் என்பவருக்கு, கல்மாவும் பி.வி.சி.யும் கலந்த எஸ்.பி.சி. பலகையைக் காட்டுங்கள், அது நீரில் உப்பாது. வாளியால் ஊற்றிக் கழுவி ஜாலி வழியே தள்ளும் வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். இறங்கிய நீர் அடியிலேயே தங்கிவிடும். அவர்களுக்குப் பழைய டைல்ஸ் மேல் பசை கொண்டு ஒட்டும் புது டைல்ஸே ஏற்றது.

இரண்டாவது: பழைய தரை எப்படி?

டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்டால் அந்த டைலை எடுத்துவிட்டுக் கலவை போட்டு நிரப்ப வேண்டும். 2 மீட்டர் மட்டக்கட்டையை வைத்தால் பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. தரைத்தளமானால் ஓதம் பார்ப்பது கட்டாயம். பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு, அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் வேலையை நிறுத்திக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது: உயரமும் இடைவெளியும்

8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம், ஆக 10 மி.மீ. தரை உயரும். கதவின் அடியை இழைக்க வேண்டிவரலாம், முன்பே சொல்லிவிடுங்கள். இத்தரை ஒட்டப்படுவதில்லை, மிதந்து நிற்பது. சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். நிலையான அலமாரிகளை இதன் மேல் நிறுத்தினால் பலகை விரிய வழியின்றித் தூக்கிக்கொள்ளும். அலமாரி வரை மட்டும் போடுவதே முறை.

அளவுக் கணக்கு

10 அடிக்கு 8 அடி என்றால் 80 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 88. பெட்டிக்கு 20 சதுர அடி வரும் சரக்கானால் 5 பெட்டி. பெட்டிகளைப் பிரிக்காமல், போடும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கவைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, 'தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது' என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். ஒரு விற்பனை தவறினாலும் பரவாயில்லை. சரியான சரக்கைச் சொன்ன கடையை வாடிக்கையாளர் அடுத்த வேலைக்கும் தேடி வருவார்.