பகைவன் கையில் கடிவாளம்

விரையும் குதிரைக்குக் கடிவாளம் வேண்டும். ஆனால் அந்தக் கடிவாளம் பகைவன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? புற்றுநோய் நம் உடலில் செய்யும் வஞ்சகம் இதுவே.

நம் வெள்ளணுக்களுள் 'டி' அணுக்கள் என்பவை போர்க்குதிரைகளைப் போன்றவை. அவை வெறிகொண்டு சொந்த உடலையே தாக்கிவிடாதபடி இயற்கை அவற்றுக்குச் சில கடிவாளங்களை இட்டிருக்கிறது. சி.டி.எல்.ஏ.-4 என்பது ஒன்று. அது டி அணுக்கள் போருக்குப் புறப்படும்போதே அடக்குகிறது. பி.டி.-1 என்பது மற்றொன்று. அது போர்க்களத்தில் அடக்குகிறது. இந்த இரண்டாவது கடிவாளத்தைத்தான் புற்றணுக்கள் பற்றி இழுத்துத் தப்பித்துக்கொள்கின்றன. இத்தடைகளை நீக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் எனக் காட்டிய அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானிய அறிஞர் தசுகு ஹோன்ஜோவும் 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

முதல் தடையை நீக்கும் மருந்து இபிலிமுமாப். இரண்டாவதை நீக்குவது நிவோலுமாப். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பலன் பெருகலாம், ஆபத்தும் பெருகலாம் அல்லவா? எனவே, உடலெங்கும் பரவிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கொண்டவர்களிடம் அமெரிக்காவில் முதற்கட்டச் சோதனை நடந்தது. முதற்கட்டத்தின் முதல் கேள்வி, 'நோய் குணமாகுமா?' என்பதன்று, 'மனித உடல் எவ்வளவு மருந்தைத் தாங்கும்?' என்பதே. ஆகவே சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள்.

முடிவு 2013-இல் வெளியாயிற்று. இரண்டு மருந்துகளையும் ஒருசேரப் பெற்றவர்கள் 53 பேர். தாங்கக்கூடிய உச்ச அளவைப் பெற்ற குழுவில் 53 விழுக்காட்டினருக்குக் கட்டிகள் 80 விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கின! ஆனால் அந்த 53 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளாயினர். பெரும்பாலும் அவை சிகிச்சையால் தணிந்தன.

2015-இல் அமெரிக்க அரசு இக்கூட்டு மருந்துக்கு அனுமதி அளித்தது. 945 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் பத்தாண்டு முடிவு 2024-இல் வெளிவந்தது. இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரும், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37 பேரும், இரண்டும் பெற்றவர்களில் 43 பேரும் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்.

இதைப் படித்தபோது எங்களைச் சிந்திக்க வைத்தவர்கள் அறிஞர்கள் மட்டுமல்லர். முதற்கட்டச் சோதனைக்கு வந்த நோயாளிகள், 'எங்களுக்குப் பலன் கிட்டாமலும் போகலாம்' என்பதை அறிந்தே கையொப்பமிட்டவர்கள். அளவு மிகுந்து துன்புற்றவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் தாங்கிக் காட்டியதால்தான் எல்லை எதுவென்று மருத்துவர்களுக்குத் தெரிந்தது.

மருந்துச் சீட்டில் 'இத்தனை மில்லிகிராம்' என்று ஓர் எண்ணைக் காண்கிறோம். அது வெறும் எண்ணன்று, தோழியரே! முகம் அறியாத சிலர் நமக்கு முன்னே நடந்து பார்த்துச் சொல்லிய வழி அது.