சிவப்பைப் பார்த்ததும் பைக்கை எடுக்காதே

கண்ணு, செம்மேட்டுல ஃபைபர் கனெக்‌ஷன் பார்த்துக்கற வேலைன்னு சொன்னே, சந்தோஷம். சமவெளியில லைன் போச்சுன்னா யாராவது ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுவாங்க. கொல்லிமலையில அது நடக்காது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரவே 70 கொண்டை ஊசி வளைவு. மேலே வந்தப்புறமும் வளப்பூர் நாடு ஒரு பக்கம், குண்டூர் நாடு இன்னொரு பக்கம். தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கு ஃபைபர் கொண்டு போற பாரத்நெட் ஆகட்டும், நூறு வீட்டுக்குக் குடுக்கற லோக்கல் ஆபரேட்டர் ஆகட்டும், கண்காணிப்பு சாஃப்ட்வேர் எதுக்குன்னா, யாரை எங்கே எந்தச் சாமானோட அனுப்பணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி சிவப்பானா அது கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டிடாதே. சாஃப்ட்வேர் கூப்பிட்டுச்சு, பதில் வரலை. அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது. மலையில நான் முதல்ல சந்தேகப்படறது கரண்டைத்தான்.

போனது கரண்டா, ஃபைபரான்னு தெரிஞ்சுக்க, வீட்டு லைனெல்லாம் கிளம்பற ஆபீஸ் பெட்டியான ஓஎல்டியோட அலாரம் லிஸ்டைப் பாரு. வீட்டுல இருக்கற ஓஎன்டி பெட்டி, கரண்ட் போற நொடியில மிச்சமிருக்கற சார்ஜை வெச்சு ஒரு கடைசித் தகவல் அனுப்பிட்டுத்தான் அணையும். 'டையிங் காஸ்ப்'னு வரும். அது வந்திருந்தா ஸ்ப்ளைசிங் மெஷினைத் தூக்கிட்டு யாரும் கிளம்ப வேண்டாம், அந்த வீட்டுக்கு ஒரு போன் போடு. அது இல்லாம, வெளிச்சம் வரலைங்கற 'லாஸ்' மட்டும் வந்தா ஃபைபர்ல கோளாறு. ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கற ஒரே ஸ்ப்ளிட்டர்ல இருக்கற எல்லா வீடும் சேர்ந்து போயிருந்தா கோளாறு ஸ்ப்ளிட்டர்லயோ அதுக்கு முன்னாடியோ இருக்கு. ஒரு வீடு மட்டும்னா அந்த வீட்டுக்குப் போற ட்ராப் கேபிளைப் பாரு. மலிவுப் பெட்டிகள் சிலது அந்தக் கடைசித் தகவலை அனுப்பாது. மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துடு.

ஊராட்சியில இருக்கற சுவிட்சுக்கு ஒரு மலிவான வழி சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். சுவிட்ச் யுபிஎஸ்ல ஓடும். பக்கத்துல ஒரு பழைய ரவுட்டரை யுபிஎஸ்ல கொடுக்காம நேரா ஈபி லைன்ல மாட்டி, அதையும் பிங் பண்ணச் சொல்லு. ரவுட்டர் பேச்சை நிறுத்திடுச்சு, சுவிட்ச் இன்னும் பேசுதுன்னா அங்கே கரண்ட் போயிடுச்சு, பேட்டரி கரைஞ்சுட்டிருக்கு. லைன் போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சுடும்.

வெளிச்சத்தோட அளவையும் கிராஃப்ல போட்டு வை. ஓஎன்டிக்கு வர்ற அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனா ஜிபான்ங்கற இந்த வகை ஃபைபர் லைன் தடுமாற ஆரம்பிக்கும். 3 டெசிபல் குறைஞ்சா வெளிச்சம் பாதி ஆயிடுச்சுன்னு கணக்கு. கனெக்‌ஷன் குடுத்த அன்னிக்கு மைனஸ் 20, இப்போ மைனஸ் 24ன்னா லைன் இன்னும் ஓடும்தான். ஆனா எங்கேயோ கேபிள் மடங்கியிருக்கு, இல்ல ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருக்கு. மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்களை ஒட்டிப் போற லைனா இருந்தா, பறிப்பு சமயத்துல அடிக்கடி பாரு. ஏணி சாத்தறது அங்கேதான்.

எந்தப் பெட்டிக்குப் பின்னாடி எதுன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் குடு. நாகியோஸ், ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் மூணும் காசில்லாமலே கிடைக்கும், மூணுலயும் இதுக்கு வழி இருக்கு. சொல்லலைன்னா நடுவுல ஒரு சுவிட்ச் போனதுக்கு நாற்பது மெசேஜ் வரும். ரெண்டு ராத்திரி பார்ப்பே, அப்புறம் போனை சைலன்ட்ல போட்டுட்டுத் தூங்கிடுவே.

சாஃப்ட்வேர்ல பெட்டிக்கு ஊர்ப் பேரும் அடையாளமும் வை, ஆள் பேர் வேண்டாம். வீடு கைமாறும்.

சர்வரைச் செம்மேட்டுல மட்டும் வெச்சா, மலையிலிருந்து இறங்கற மெயின் லைன் அறுந்த அன்னிக்கு அந்தச் சேதியே வெளியே வராது. கீழே நாமக்கல்ல ஒரு சின்ன கம்ப்யூட்டரை வெச்சு அங்கிருந்தும் பிங் பண்ணு. மேலே இருக்கற சர்வர்ல ஒரு சிம் டாங்கிள் சொருகி எஸ்எம்எஸ் வர்ற மாதிரி பண்ணிடு.

சாஃப்ட்வேர் பெட்டிகளை விசாரிக்கப் பயன்படுத்தற எஸ்என்எம்பி 1988ல வந்த முறை. முதல் ரெண்டு வெர்ஷன்ல பாஸ்வேர்டு மறைக்காமலே லைன்ல போகும். நிறையப் பெட்டியில அது 'பப்ளிக்'னே இருக்கும், இன்னிக்கே மாத்து. 'பிரைவேட்'னும் ஒண்ணு இருந்தா அதை விட்டு வைக்காதே, அதை வெச்சு செட்டிங்கையே மாத்த முடியும். மூணாவது வெர்ஷன் கிடைச்சா அதைப் போடு. ஓஎல்டியோட லாகின் பக்கத்தை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கவே கூடாது.

சித்திரை மழை இடியில ஒரு சுவிட்ச் போனா புதுசு வாங்கிடலாம். அதுல இருந்த செட்டிங்கை எங்கே வாங்குவே? ஆக்ஸிடைஸ்டு மாதிரி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டா தினமும் தானா பேக்கப் எடுத்துக்கும். ஒரு காப்பி கீழேயும் இருக்கட்டும். ஃபார்ம்வேர் மாத்தறதை மட்டும், ராத்திரி கூட்டம் இல்லைன்னு வீட்டிலிருந்தே ஆரம்பிச்சுடாதே. பாதியில நின்னா யாரு போவாங்க? அந்தப் பெட்டி பக்கத்துல ஆள் நிக்கற பகல்ல பண்ணு. ஆடியில வல்வில் ஓரி விழாவுக்கு மலையில கூட்டம் கூடும்போது, அது முடியற வரைக்கும் எதையும் தொடாதே.