சாம்பலில் பதிந்த காலடிகள்

கோயில் சுவரில் ஒரு பறவை எச்சமிடுகிறது. அதில் ஓர் ஆலம் விதை இருக்கிறது. மழை பெய்ததும் விதை முளைக்கிறது. யாரும் கவனிப்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சுவர் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இதை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஆப்பிரிக்காவிலும் இதுபோல ஒன்று நடந்தது. அங்கே வேர் பிளக்கப் பார்த்தது சுவரை அல்ல. மனித இனத்தின் மிகப் பழைய காலடித் தடங்களை.

தான்சானியா என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாடு. அதன் வடக்கே லேட்டோலி என்ற இடம் இருக்கிறது. வேல மரங்களும் புல்லும் நிறைந்த காடு. மாசாய் மக்கள் அங்கே மாடு மேய்க்கிறார்கள். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அந்தப் பக்கம் நடமாடும்.

சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஓர் எரிமலை சாம்பலைக் கக்கியது. சாம்பல் தரையெங்கும் படிந்தது. அதன்மேல் மழை தூறியது. சாம்பல் சேறுபோல ஆயிற்று. அந்த ஈரத்தில் முயல் ஓடியது. யானை நடந்தது. மனிதர்களைப் போல நிமிர்ந்து நடந்த சிலரும் அந்த வழியே போனார்கள். பிறகு வெயிலில் சாம்பல் காய்ந்து, சிமெண்டுத் தரைபோல இறுகிவிட்டது. எரிமலை மறுபடியும் சாம்பலைக் கக்கித் தடங்களை மூடியது. மூடியதால்தான் அவை தப்பின.

தடங்கள் கண்ணில் பட்ட கதை வேடிக்கையானது. மேரி லீக்கி என்ற பெண் அறிஞரின் குழு அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தது. 1976இல் ஒரு நாள், குழுவினர் சிலர் காய்ந்த யானைச் சாணத்தை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். படித்தவர்கள் செய்கிற வேலையா என்று கேட்கலாம். எறிக்குத் தப்பப் போய் ஒருவர் தரையில் விழுந்தார். விழுந்த இடத்தில் விலங்குகளின் தடங்கள் தெரிந்தன. மழைத்துளி விழுந்த குழிகள்கூட இருந்தன!

1978இல் மனிதக் காலடி போன்ற தடங்கள் கிடைத்தன. அவை சுமார் 90 அடி தூரத்துக்கு வரிசையாகச் சென்றன. குதிகால், உள்ளங்கால் வளைவு, நேராக நீண்ட பெருவிரல் எல்லாம் தெரிந்தன. இன்று ஈர மண்ணில் நாம் நடந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் தடம் விழும். இதுவரை கிடைத்துள்ள கல்லாயுதங்கள் எல்லாம் இந்தத் தடங்களுக்குப் பிந்தியவை. ஆகவே, கல்லை உடைத்து ஆயுதம் செய்யக் கற்பதற்கு முன்பே நம் முன்னோர் இரண்டு காலில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

தடங்களுக்கு அச்சு எடுத்தார்கள். பிறகு 1979இல் ஆற்று மணலைக் கொட்டித் தடங்களை மூடினார்கள். அதன்மேல் எரிமலைக் கற்களை அடுக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணலைச் சலிக்காமல் கொட்டிவிட்டார்கள். அதில் வேல விதைகள் இருந்தன. மணல் ஈரத்தைப் பிடித்து வைத்தது. கற்கள் இருந்ததால் இளங்கன்றுகளை விலங்குகள் மேயவும் முடியவில்லை. சில ஆண்டுகளில் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மரங்கள் வளர்ந்துவிட்டன.

மேலே மரம் என்றால் கீழே வேர். வேர் தடங்களை உடைத்திருக்குமோ என்ற அச்சம் எழுந்தது. தான்சானியா அரசு கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தின் உதவியை நாடியது.

இந்த நிறுவனம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ளது. எண்ணெய்த் தொழிலில் பெரும் பணக்காரராக இருந்த பால் கெட்டி விட்டுச் சென்ற சொத்திலிருந்து இது நடக்கிறது. பழைய ஓவியம், கட்டடம், கல்லறை முதலியவை ஏன் கெடுகின்றன என்று ஆராய்வது இதன் வேலை. எகிப்து நாட்டில் அரசி நெஃபர்தாரியின் கல்லறை ஓவியங்களையும் இது காப்பாற்றியிருக்கிறது. அந்தந்த நாட்டின் தொல்லியல் துறையோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

1993இல் இரு தரப்பாரும் சேர்ந்து லேட்டோலியில் ஒரு சிறு பகுதியைத் தோண்டிப் பார்த்தார்கள். வேர்கள் தடங்கள் வரை வந்திருந்தன. முதலில் மரங்களை வெட்டினார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்காதபடி மருந்து தடவினார்கள். 1995இலும் 1996இலும் மணலை அகற்றினார்கள். சாம்பல் கெட்டியாக இருந்த இடத்தில் வேர்கள் மேலோடு படர்ந்திருந்தன. அங்கே சேதம் குறைவு. சாம்பல் உளுத்துப்போன இடத்தில் வேர்கள் உள்ளே இறங்கியிருந்தன.

வேரைப் பிடித்து இழுத்தால் தடமும் பெயர்ந்துவிடும். அதனால் சுற்றியுள்ள சாம்பலை முதலில் பசை கொடுத்துக் கெட்டிப்படுத்தினார்கள். பிறகு சிறு கருவிகளால் வேரைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். பொறுமையான வேலை. ஒவ்வொரு தடத்தையும் படம் பிடித்து, அளந்து குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து என்ன செய்வது? கொட்டகை போட்டு மக்களுக்குக் காட்டலாமே என்றார்கள் சிலர். பெயர்த்து எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்றார்கள் வேறு சிலர். ஆனால் சாம்பல் பாறை எளிதில் நொறுங்கும். திறந்து வைத்தால் வெயிலும் மழையும் அரிக்கும். அந்தத் தொலைதூரக் காட்டில் கொட்டகையை யார் பராமரிப்பது? கடைசியில், மறுபடியும் மூடுவது என்று முடிவாயிற்று. காட்டாமல் மூடுவதா என்று சிலருக்கு மனக்குறை. ஆனால் அன்றைய நிலையில் அதைவிட நல்ல வழி இல்லை.

இந்த முறை மணலைச் சலித்து விதைகளை நீக்கினார்கள். மணல் அடுக்குகளுக்கு நடுவே ஒருவகைச் செயற்கைத் துணியை விரித்தார்கள். அதன் வழியே ஈரமும் காற்றும் போகும். மண் போகாது. அதற்கும் மேலே வேறொரு துணி. அதில் சிறு சிறு குமிழ்கள் இருக்கும். குமிழ்களிலிருந்து களைக்கொல்லி மருந்து மெல்ல மெல்லக் கசியும். மேலிருந்து வரும் வேர் அதைத் தாண்டி இறங்காது. அதன்மேல் மண் போட்டு மேடாக்கி, கற்களைப் பரப்பினார்கள்.

துணியும் மருந்தும் மட்டும் போதுமா? மழைக்குப் பிறகு முளைக்கும் கன்றுகளை யாராவது பிடுங்க வேண்டும். யாரும் மேட்டைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை அங்கேயே வாழும் மாசாய் மக்கள்தான் செய்ய முடியும். ஆகவே அவர்களிடம் தடங்களைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். மாசாய் மக்களின் சமயத் தலைவர் அங்கே ஒரு சடங்கு நடத்தினார். ஓர் ஆடு பலி கொடுக்கப்பட்டது. அந்த இடம் அவர்களின் மதிப்புக்குரிய இடங்களில் ஒன்றாயிற்று. பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்களே காவலர்களாக நியமிக்கப்பட்டார்கள். தடங்களின் அச்சு ஓல்டுவாய் என்ற இடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

பிற்காலத்தில் லேட்டோலியிலேயே ஓர் அருங்காட்சியகம் கட்டலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. கட்டுவதற்கு முன்பு நிலத்தைச் சோதிக்க ஆங்காங்கே குழி தோண்டினார்கள். அப்போது, பழைய இடத்திலிருந்து சுமார் 150 மீட்டர் தொலைவில் வேறு காலடித் தடங்கள் வெளிப்பட்டன. அவையும் அதே சாம்பலில் பதிந்தவை. செய்தி 2016இல் வெளியாயிற்று. அந்தப் புதிய தடங்களில் ஒருவருடைய பாதம், முன்பு கிடைத்த எல்லாத் தடங்களையும் விடப் பெரியதாக இருந்தது.