றெக்கை வெட்டினால் பறக்காதா?

"றெக்கையைக் கத்தரிச்சு உட்டா எங்கீங்க போகப்போகுது?" கோவையில் கிளி, காக்டெயில் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

போகும். இறகை வெட்டினால் மேலே எழும்பும் வலுதான் குறையும். றெக்கையை விரித்தால் பறவை காற்றில் மிதக்கவே செய்யும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் ஊருக்குள் பாய்கிற காற்றுக்கு, மொட்டைமாடியில் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் காக்டெயிலின் எடை எம்மாத்திரம்? நாலு வீடு தாண்டிக் கொண்டுபோய்விடும். வெட்டுப்பட்ட றெக்கையோடு அதனால் திரும்பி வர முடியாது. பூனையிடமிருந்து தப்பவும் முடியாது. வீட்டுக்குள்ளும் திடுக்கிட்டால் படபடவென்று எழும்பும். அதனால் பறவை கூண்டுக்கு வெளியே இருக்கும்போது சீலிங் ஃபேன் ஓடவே கூடாது.

"நகம் வெட்டற மாதிரிதான், வலிக்காது" என்பது பாதி உண்மை. முற்றிய இறகில் உயிரில்லை. ஆனால் புதிதாக முளைத்துவரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. அடித்தண்டு கருத்துத் தடித்திருக்கும். கத்தரி அதில் பட்டால் ரத்தம் கொட்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் வாங்கிவரும் பட்ஜியின் எடை சுமார் 30 கிராம். அதன் உடம்பில் இருக்கும் ரத்தமே ஏறக்குறைய 3 மில்லிதான். சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தபடி உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் போதும் என்பது கொடுமையான யோசனை. நிலை தடுமாறிச் சுழன்று விழும் பறவையின் நெஞ்செலும்புதான் முதலில் தரையில் அடிபடும். பறக்கப் பழகாத குஞ்சுக்கு வெட்டவே கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரு பக்கமும் சமமாக, வெளி இறகுகளில் சிலவற்றை மட்டும் வெட்ட வேண்டும். அதையும் முதல் முறை பறவை வைத்தியம் தெரிந்த மருத்துவர் செய்யட்டும். இறகு உதிர்ந்து புதிது முளைத்ததும் பறவை மறுபடி பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பச்சைக்கிளி விஷயம் வேறு. பொள்ளாச்சிப் பக்கம் பட்டுப்போன தென்னையின் பொந்தில் எடுத்த குஞ்சாக இருந்தாலும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சென்னையில் 2023 பிப்ரவரியில் இரண்டு கிளிகளை வளர்த்த நடிகர் ஒருவர் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார்.

சட்டத்துக்குப் பயந்து, றெக்கை வெட்டிய கிளியை அப்படியே வெளியே விட்டுவிடாதீர்கள். அதனால் சரியாகப் பறக்கவும் முடியாது, அதற்கு இரை தேடவும் தெரியாது. பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.