பிள்ளையின் சொல்லுக்குக் காத்திருப்போம்

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. பேச்சுத் தெளிவின்மைக்காக அழைத்து வரப்பட்ட குழந்தையிடம், "உன் பெயர் என்ன?" என்று கேட்கிறோம். குழந்தை வாய் திறக்கிறது. சொல் வெளிவருமுன் அருகிலுள்ள தாயோ பாட்டியோ பெயரைக் கூறிவிடுகின்றனர். குழந்தை வாயை மூடிக்கொள்கிறது. அடுத்த கேள்வியை மருத்துவர்களாகிய நாங்களும் தாயிடமே கேட்டு விடுகிறோம். பெற்றோரின் அன்பினாலும் எங்கள் அவசரத்தாலும் நேரும் இப்பிழையை, ஓர் இளம் கவிஞரின் வாழ்க்கையை முன்வைத்து இங்கே சிந்திப்போம்.

ஒலி திருந்துமுன் ஏறிய மேடை

அமாண்டா கோர்மன் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியை. சிறு வயதிலேயே இவருக்கு இரண்டு இடர்கள் இருந்தன: செவியில் விழும் ஒலிகளைப் பிரித்துணர்வதில் ஒன்று, சில ஒலிகளை உச்சரிப்பதில் மற்றொன்று. குறிப்பாக ஆங்கில 'ஆர்' ஒலி இவர் நாவுக்கு வசப்படவில்லை. 'கோர்மன்' என்னும் குடும்பப் பெயரிலேயே அவ்வொலி உண்டு. கவிதையைக் குறிக்கும் 'பொயட்ரி' என்னும் சொல்லிலும் உண்டு.

இவர் பேச்சுப் பயிற்சி பெற்றார். பேசத் தடுமாறியதை எழுத்தில் வடித்தார். எழுதியதை மேடையில் குரலாலும் கையசைவாலும் நிகழ்த்திக் காட்டினார். இக்கலையை 'ஸ்போக்கன் வேர்ட்' என்பர். 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இளையோர் கவிஞராகவும், 2017இல் அந்நாட்டின் முதல் தேசிய இளையோர் கவிஞராகவும் தேர்வு பெற்றார்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. கல்லூரிப் பருவம் வரை 'ஆர்' ஒலி இவருக்குக் கைகூடவில்லை. 'ஹாமில்டன்' இசை நாடகத்தில் அவ்வொலி மலிந்த பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகியதாக அவரே கூறியுள்ளார். 2021 ஜனவரி 20 அன்று, தம் 22ஆம் வயதில், அதிபர் ஜோ பைடனின் பதவியேற்பு விழாவில் கவிதை நிகழ்த்தினார். அன்று பதவியேற்றவரும் இளமையில் திக்குவாயால் வருந்தியவரே. ஒலி முழுதும் திருந்தட்டும் என்று அமாண்டா காத்திருக்கவில்லை, பேசிக்கொண்டே திருத்தினார். பேச அவருக்கு இடமும் கிடைத்தது.

செவி கேட்கிறது, ஆயினும் புரியவில்லை

அமாண்டாவுக்கு இருந்த முதல் இடரைச் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறோம். இதில் ஆடியோகிராம் பரிசோதனை இயல்பாகவே இருக்கலாம். செவி கேட்ட ஒலியை மூளை வகைப்படுத்துவதில்தான் சிக்கல். இரைச்சல் மிகுந்த வகுப்பறையிலும், விரைவாகப் பேசும்போதும், அடுக்கடுக்காகக் கட்டளை இடும்போதும் இக்குழந்தைகள் திகைப்பர். அதனைக் கவனமின்மை என்றோ பிடிவாதம் என்றோ கருதித் தண்டிப்பது தவறு.

இரண்டாவது, உச்சரிப்பு இடர். ஆங்கில 'ஆர்' ஒலி நம் ழகரத்தை ஓரளவு ஒத்தது. நா மேலெழ வேண்டும். எனினும் அண்ணத்தைத் தொட்டு நிற்கலாகாது. பகர மகரங்களைப் போல இதழசைவைக் கண்டு இதனைக் கற்க இயலாது. ரகரமும் ழகரமும் குழந்தைகளுக்குத் தாமதமாகவே கைவருவதற்கு இத்தகைய நுட்பமான நாவசைவும் ஒரு காரணமாகும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. கேள்வி கேட்டபின் மனத்துள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி குழந்தைக்கு உரியது.

2. குழந்தை "பயம் வேணும்" என்றால் கடிந்து திருத்தாதீர்கள். "பழம் வேண்டுமா? இதோ பழம்" என்று சரியான ஒலியை இயல்பாகக் கேட்கச் செய்யுங்கள். உறவினர் முன் "சொல்லிக் காட்டு" என்று சோதிக்க வேண்டா.

3. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் நோக்கி, சிறு சிறு தொடர்களாகப் பேசுங்கள். வகுப்பில் முன்வரிசையில் அமர்த்துமாறு ஆசிரியரிடம் கேளுங்கள்.

4. நாள்தோறும் சிறிது நேரம் பாட்டோ கதையோ குழந்தை சொல்ல, வீட்டார் கேளுங்கள். அந்நேரத்தில் பிழை திருத்தாதீர்கள்.

5. சில குழந்தைகளுக்கு வாய்மொழி கைகூடாமலும் போகலாம். சைகை, படப் பலகை, எழுத்து ஆகியனவும் பேச்சே. அவற்றுக்கும் அதே பொறுமையுடன் காத்திருங்கள்.

காத்திருத்தல் என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் அன்று. இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தைக்கும், அடிக்கடி காதுவலி காணும் குழந்தைக்கும் முதலில் கேட்டல் பரிசோதனை தேவை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று ஆண்டுகளைக் கழிக்க வேண்டா. பயிற்சியை உரிய காலத்தில் தொடங்குவோம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுமையாகக் காத்திருப்போம்.

எல்லாக் குழந்தைகளும் கவிஞராக வேண்டியதில்லை. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அடுத்த முறை நீங்கள் வரும்போது, நாங்கள் மறந்துபோய் உங்களிடமே கேட்டால், தயங்காமல் குழந்தையின் பக்கம் கைகாட்டுங்கள். நாங்களும் காத்திருக்கிறோம்.