குழந்தை கூண்டுக்கு வர்றதுக்கு முன்னாடி: வக்கீல் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

முதல் தடவையா ஒரு போக்சோ கேஸ் கட்டு உன் கைக்கு வந்திருக்குன்னு அம்மா சொன்னாங்க. கிராஸ்ல சாட்சியை எப்படி மடக்கறதுன்னு ராத்திரியெல்லாம் யூடியூப் வீடியோ பாத்துக்கிட்டிருக்கியாம். அதை மூடி வை. குழந்தை வழக்குல வக்கீலோட சாமர்த்தியம் கூண்டுக்கிட்ட காட்டறது இல்ல. அதுக்கு முன்னாடி காகிதத்திலயும், கோர்ட் தாழ்வாரத்திலயும், டைப் அடிக்கிறவர் பக்கத்திலயும் காட்டறது. குழந்தை ஒரே ஒரு தடவை வந்து, தன் வாயால, தன் பேச்சுல சொல்லிட்டுப் போகணும். நீ எந்தப் பக்கம் ஆஜரானாலும் வேலை இதுதான்.

முதல்ல போக்சோ சட்டம் 33-ஆம் பிரிவை உட்பிரிவு உட்பிரிவா படி. 2012 நவம்பர் 14-லேருந்து அமல்ல இருக்கிற சட்டம். அதன்படி நீ குழந்தையை நேரா கேள்வி கேக்க முடியாது. அரசு வக்கீலும் சரி, எதிரி தரப்பு வக்கீலும் சரி, கேள்வியை நீதிபதிகிட்ட கொடுக்கணும். அவர்தான் குழந்தைகிட்ட கேப்பார். இதுக்கு முன்னாடியே 2004-ல் சாக்ஷி வழக்குல உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. குழந்தைக்கும் எதிரிக்கும் நடுவுல திரை வேணும், கேள்வியை எழுதி நீதிபதிகிட்ட கொடுக்கணும், நடுவுல இடைவேளை விடணும்னு. அதனால குரலை ஏத்தி இறக்கறதுக்கெல்லாம் இங்க வேலையே இல்ல. நீ எழுதிக் கொடுக்கிற தாள்தான் உன் திறமை.

அந்தத் தாளை எப்படி எழுதறது? ஒரு கேள்விக்கு ஒரே விஷயம். நம்ம கோர்ட்டுல காலங்காலமா ஒரு வாய்ப்பாடு இருக்கு. "சம்பவ நாளன்று நீங்கள் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை என்றும், அம்மா சொல்லிக் கொடுத்ததன் பேரில் பொய் சாட்சியம் அளிக்கிறீர்கள் என்றும் சொன்னால் சரியா?" பெரியவங்களே இதுக்கு "சரியில்ல" சொல்லணுமா, "இல்ல" சொல்லணுமான்னு முழிப்பாங்க. எட்டு வயசுப் பிள்ளை தலையை ஆட்டும். அது ஆமாவா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. ஆனா டெபோசிஷன்ல ஏதோ ஒண்ணு ஏறிடும். இதையே உடைச்சு எழுது: "அன்னிக்கு நீ அந்த வீட்டுக்குப் போனியா?" "இதைப் பத்தி அம்மா உன்கிட்ட பேசினாங்களா?" "என்ன பேசினாங்க?" எதிரிக்காக ஆஜராறப்பவும் இப்படித்தான். உன் கட்சிக்காரர் சொல்றதைச் சாட்சிகிட்ட வைக்கலைன்னா பின்னாடி வாதத்துல அடி விழும், அது தெரியும். ஆனா "அந்த மாமா அப்படி எதுவும் நடக்கலைன்னு சொல்றாரு, நீ என்ன சொல்றே?"ன்னு கேட்டாலும் வச்சதா ஆயிடும். மிரட்டற தொனியில கேக்கறதையும், குழந்தையோட நடத்தையைக் கிளறறதையும் 33(6) தடுக்குது. சட்டத்தை விடு, நடைமுறையிலயும் அது எதிரிக்கே வினை. அழற குழந்தையை எந்த நீதிபதியும் மறக்கறதில்ல.

அடுத்தது தேதி. குழந்தைங்களுக்குக் காலண்டர் கிடையாது. எல்லாமே "நேத்து", இல்லாட்டி "அப்போ". நம்ம ஸ்ரீரங்கத்துப் பிள்ளைங்க ஒரு படி மேல. "தேர் அன்னிக்கு"ன்னு சொல்லிடும். போலீஸ்காரங்க அதைச் சித்திரைத் தேர்னு எடுத்துக்கிட்டு ஸ்டேட்மெண்ட்ல ஒரு தேதியைப் போட்டுடுவாங்க. இந்த ஊர்ல வருஷத்துக்கு மூணு தேர்: தை, பங்குனி, சித்திரை. எதிர்த்தரப்புல விவரமான வக்கீல் இருந்தா அந்த ஒரு சொல்லை வச்சே மொத்தத் தேதியையும் ஆட்டிப் பாப்பார். நீ முன்னாடியே விசாரிச்சு வை. தேர் எந்த வீதியில வந்தது? உத்திர வீதின்னா தைத் தேர். சித்திரை வீதின்னா, அப்போ ஸ்கூல் இருந்துச்சா, முழுப் பரீட்சை லீவு விட்டாச்சான்னு பாரு. லீவுன்னா சித்திரை. குழந்தைக்குத் தெரிஞ்சதைக் கேட்டா குழந்தை சரியாத்தான் சொல்லும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல கூட்டம் இருந்துச்சா, புது யூனிஃபார்ம் கொடுத்தாச்சா, மிஸ் யாரு, இப்படிப் போ. மணி எத்தனைன்னு மட்டும் கேட்டுடாதே.

குழந்தையைத் தயார் பண்றது வேற, சொல்லிக் கொடுக்கறது வேற. இந்தக் கோட்டைத் தாண்டினா கேஸே போயிடும். என்ன பதில் சொல்லணும்ங்கறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. கோர்ட் எப்படி இருக்கும், நீதிபதி எங்க உக்காருவார், கறுப்பு கவுன் ஏன் போட்டிருக்காங்க, கூட யார் இருக்கலாம், இதெல்லாம் சொல்லு. மூணு பதிலுக்கு அனுமதி கொடு: "தெரியல", "மறந்துடுச்சு", "கேள்வி புரியல". வகுப்புல தெரியலன்னு சொன்னா திட்டு விழும், அதனால பிள்ளைங்க எதையாவது சொல்லி வைக்கும். இங்க திட்டு விழாதுன்னு நீதான் சொல்லணும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம். "வக்கீல் ஆன்ட்டி உன்கிட்ட பேசினாங்களா?"ன்னு கட்டாயம் கேள்வி வரும். பயந்துக்கிட்டு "இல்ல"ன்னு சொல்லிடுச்சுன்னா, அந்த ஒரு பொய்யை வச்சு மத்ததெல்லாம் பொய்யின்னு வாதாடுவாங்க. பேசினது தப்பில்ல, பேசினாங்கன்னே சொல்லலாம்னு முன்னாடியே சொல்லி வை.

சாட்சி நாள். பெரிய பெரிய சட்டப்பிரிவெல்லாம் கவிழறது சின்ன விஷயத்துலதான். ஸ்ரீரங்கத்துல ஒரே வீதியில இருக்கிற ரெண்டு குடும்பம், திருச்சி கன்டோன்மென்ட் கோர்ட்டுக்கு வர ஒரே ஒண்ணாம் நம்பர் பஸ்லதான் ஏறும். குழந்தை எதிரியைப் பாக்கக் கூடாதுன்னு 36-ஆம் பிரிவு கோர்ட்டுக்குள்ள திரை போடுது. பஸ்ல யார் திரை போடறது? ஆட்டோ ஏற்பாடு பண்ணு. ஆதரவு நபர்னு ஒருத்தரை 2020 போக்சோ விதிகள்படி குழந்தைகள் நலக் குழு நியமிச்சிருந்தா அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லு. வராந்தாவுல எதிரியோட சித்தி, பெரியப்பான்னு ஒரு பட்டாளம் நிக்கும். எந்த வாசல் வழியா கூட்டிட்டுப் போகலாம்னு முதல் நாளே கோர்ட் ஊழியர்கிட்ட கேட்டு வை. பத்தரைக்கு வந்த பிள்ளையை மூணு மணிக்குக் கூப்பிட்டா அது தூங்கி வழியும். குழந்தை சாட்சி இருக்கு, முதல்ல எடுக்கணும்னு காலையிலேயே மெமோ கொடு. பிஸ்கட், தண்ணி, பாத்ரூம் எங்கன்னு பாத்து வைக்கறது, இதெல்லாம் ஜூனியர் வேலைன்னு நினைக்காதே. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டா 33(5)-ஐக் காட்டு: குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவைக்கக் கூடாது. வழக்கை விசாரணைக்கு எடுத்ததிலேருந்து 30 நாளுக்குள்ள குழந்தையோட சாட்சியத்தைப் பதிவு பண்ணணும், தாமதமானா காரணம் எழுதணும்னு 35-ஆம் பிரிவும் இருக்கு. வாய்தா வாங்கியே பழகின நம்ம ஊர்ல இது அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டிய பிரிவு.

சாட்சியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, குழந்தைக்குக் கேள்வி புரியுதா, உண்மை பேசணும்னு தெரியுதான்னு நீதிபதி பாப்பார். பன்னிரண்டு வயசுக்குக் கீழன்னா, சத்தியப் பிரமாணம்னா என்னன்னு புரியலைன்னாலும் அது இல்லாமலே சாட்சியம் எடுக்கலாம். 1969 சத்தியப் பிரமாணச் சட்டத்துலயே அப்படி இருக்கு. அந்த முதல் கேள்வி-பதிலும் டைப் ஆகணும், அதைக் கவனி. மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போறப்போ அங்க குழந்தை இருக்காது, தாள் மட்டும்தான் இருக்கும்.

டைப் ஆறதைப் பத்தித்தான் உனக்கு நிறைய சொல்லணும். குழந்தை "இங்க"ன்னு கையைக் காட்டும். எல்லாரும் பாப்பாங்க, எல்லாருக்கும் புரியும். தாள்ல "இங்க" மட்டும்தான் இருக்கும். உடனே எழுந்து, சாட்சி எந்த இடத்தைக் காட்டினதுன்னு பதிவு பண்ணச் சொல்லு. அதே மாதிரி, பிள்ளை "அந்தத் தாத்தா"ன்னு சொன்னது "எதிரி"ன்னு ஏறும். "கிச்சுகிச்சு மூட்டினாங்க"ன்னு சொன்னது "பாலியல் துன்புறுத்தல் செய்தார்"னு ஏறும். அரசு தரப்புக்கு அது பலம்னு நினைக்காதே. ஏழு வயசுக் குழந்தை அப்படிப் பேசாதுன்னு மேல்கோர்ட்டுக்குத் தெரியும், சொல்லிக் கொடுத்த சாட்சியம்ங்கற சந்தேகத்துக்கு நாமளே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடும். குழந்தை சொன்ன சொல்லே ஏறணும்னு பணிவாக் கேளு. தலையாட்டினா "தலையசைத்து ஆமோதித்தது"ன்னு, பேசாம இருந்தா "பதில் இல்லை"ன்னு. கடைசியில படிச்சுக் காட்டறப்போ மொபைலை நோண்டாம கேளு. திருத்தம் இருந்தா அப்பவே சொல்லணும்.

அடுத்து, குழந்தையோட வயசை நிரூபிக்கறது. டி.சி. இருக்கே போதும்னு விட்டுடாதே. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்குல 2023 ஜூலையில உச்ச நீதிமன்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேடும் மட்டும் இருந்தா இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவுக்குப் போதாதுன்னு சொல்லி போக்சோ தண்டனையை ரத்து பண்ணுச்சு. பள்ளி தர்ற பிறப்புத் தேதிச் சான்று இல்லாட்டி மெட்ரிகுலேஷன் அல்லது அதுக்குச் சமமான சான்று, அதுவும் இல்லாட்டி மாநகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாட்டித்தான் எலும்புச் சோதனை. இதுதான் வரிசை. பிறப்புச் சான்று வாங்கறது ஒரு நாள் அலைச்சல். அந்த அலைச்சலுக்குச் சோம்பினா வருஷக்கணக்குல நடந்த கேஸ் காணாமப் போகும்.

காகிதம் இல்லாத குழந்தை என்ன பாடு படும்ங்கறதுக்கு நம்ம திருச்சியிலேயே ஒரு வழக்கு இருக்கு. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலையிலிருந்து காப்பாத்தினதாச் சொல்லி 89 பெண் பிள்ளைங்களை இங்க ஒரு தனியார் இல்லத்துல வளர்த்தாங்க. 2015-ல் அது பொதுநல வழக்கா மதுரைக் கிளைக்குப் போச்சு. பெத்தவங்க யாருன்னு கண்டுபிடிக்கவே டி.என்.ஏ. சோதனை பண்ண வேண்டியதாச்சு. சி.பி.ஐ. வரைக்கும் போச்சு. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் போட்டது 1920-ல் நம்ம சென்னை மாகாணம்தான், பெருமைதான். ஆனா அதுக்கப்புறம் இத்தனை வருஷம் கழிச்சும் பிள்ளை யாரோடதுன்னு ரத்தம் எடுத்துப் பாக்க வேண்டியிருந்துச்சு. இல்லம் சம்பந்தமா எந்த மனு வந்தாலும் நீ கேக்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன்னாடி எப்ப ஆஜர்படுத்தினாங்க, உத்தரவு எங்க? 24 மணி நேரத்துக்குள்ள ஆஜர்படுத்தியிருக்கணும். ரெண்டாவது கேள்வி, பிள்ளை என்ன சொல்லுது? பெத்தவங்க யாருன்னு டி.என்.ஏ. சொல்லும், யாரோட இருக்கணும்னு சொல்லாது.

அந்தக் குழு முன்னாடி போறப்போ கோர்ட் மிடுக்கு வேண்டாம். அங்க கிராஸ் கிடையாது. சமூக விசாரணை அறிக்கையை வரி வரியாப் படி, அதுதான் அங்க சாட்சி. அதிகாரி வீட்டுக்கு எப்ப போனார், அப்ப வீட்டுல யார் இருந்தா, பக்கத்து வீட்டுல கேட்டாரா? பல அறிக்கைல "குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை"ன்னு ஒரு வரிதான் இருக்கும். ஏன் இல்லைன்னு கேளு. ஓலைக் கூரையும் கூலி வேலையும்தான் காரணம்னா, அது வறுமை. அதுக்காகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது.

பதினேழு வயசுப் பொண்ணு, பத்தொன்பது வயசுப் பையன், ஓடிப்போனாங்க, அப்பா புகார் கொடுத்தார். இந்த மாதிரிக் கட்டு உனக்கு நிறைய வரும். இதெல்லாம் போக்சோ சட்டத்தோட நோக்கமே இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில ஒரு வழக்கையே ரத்து பண்ணியிருக்கு. எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது, சட்டத்துல 18-தான் 18. ஆனா ஃபீஸ் கொடுக்கறது அப்பாங்கறதுக்காக அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசாம மனு போடாதே. தனியா உக்கார வச்சுப் பேசு. என் அபிப்பிராயம், அப்பாவும் பொண்ணும் வேற வேற சொல்றாங்கன்னா, ஒருத்தருக்குத்தான் நீ ஆஜராக முடியும்.

குடும்ப நீதிமன்றத்துல குழந்தைக் காவல் வழக்குன்னா சுருக்கமா ரெண்டே விஷயம். அங்க வக்கீல் ஆஜராறது உரிமை இல்ல, குடும்ப நீதிமன்றச் சட்டம் 13-ஆம் பிரிவுப்படி அனுமதி மனுவை வக்காலத்தோட சேர்த்துப் போட்டுடு. நீதிபதி குழந்தையைத் தனியாக் கூப்பிட்டுப் பேசறப்போ, மனுவில இருக்கிற வாசகத்தையே பிள்ளை ஒப்பிச்சுதுன்னா உன் கட்சிக்காரர் தோத்தார்னு வச்சுக்கோ. அதை அவர்கிட்ட முன்னாடியே கண்டிப்பாச் சொல்லிடு.

பேர் விஷயத்துல ஜாக்கிரதை. குழந்தை பேரை மறைச்சுட்டு, அப்பா பேர், ஸ்கூல், வீதின்னு மனுவில எழுதினா என்ன பிரயோஜனம்? ஸ்ரீரங்கத்துல வீதியையும் அப்பா வேலையையும் சொன்னா, பேரே தேவையில்ல. வாட்ஸ்அப்ல ஜூனியர் குரூப்புக்கு எஃப்.ஐ.ஆர். போட்டோ அனுப்பற பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்து.

அப்புறம், புதுக் குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் வந்தும் வராந்தாவுல எல்லாரும் இன்னும் வாக்குமூலத்துக்குப் பழைய சட்டத்தோட 161, 164-ன்னுதான் பேசறாங்க. பேச்சுல இருக்கட்டும், மனுவில 180, 183-ன்னு எழுது. சம்பவத் தேதியையும் எஃப்.ஐ.ஆர். தேதியையும் பாத்துட்டு எழுது.

சாட்சியம் முடிஞ்சதும் குழந்தைகிட்ட "முடிஞ்சுது, இனிமே வர வேண்டாம்"னு சொல்லு, உண்மையிலேயே வர வேண்டாம்னா மட்டும். அன்னிக்கே டெபோசிஷனுக்கு நகல் மனு போடு. இடைக்கால இழப்பீடு கேட்டாச்சான்னு பாரு. 2020 விதிகள்ல 9-ஆவது விதி, எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எந்தக் கட்டத்துலயும் கேக்கலாம், தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. உன் கைக்கு வந்த அந்தக் கட்டுல இன்னும் போடலைன்னு நினைக்கிறேன். குழந்தை பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு அதோட அம்மாகிட்ட கேட்டுட்டு, திங்கட்கிழமையே மனுவைப் போடு.