மல்லிகை பூவாமைக்குக் காரணமும் பரிகாரமும்

வலையங்குளம், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் மல்லிகை பயிரிடுவோரும், பசுமலையில் தறிவீட்டு முற்றத்தில் இரண்டொரு செடி வைத்திருப்போரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “செடி பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. என்ன மருந்து தெளிக்கலாம்?” இக்கேள்விக்கு விடை கூறுமுன் நாம் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி ஒன்றுண்டு. அரும்பே கட்டவில்லையா, அல்லது கட்டிய அரும்பு கெட்டுப் போயிற்றா? முன்னது வளர்ப்பின் குறை. பின்னது பூச்சியின் வேலை. இரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறு.

இதை எழுதுபவனும் ஒரு காலத்தில் இவ்வேற்றுமையை அறியாதவனே. நாற்பது செடிகளுக்கு யூரியாவைக் கை நிறைய இட்டு, பூ வராதது கண்டு கடன் வாங்கி மருந்தும் தெளித்தேன். பூப்பறிக்க வந்த மூதாட்டி ஒருவர் கிளைகளை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, அரும்பே கட்டலையே, இல்லாத புழுவுக்கு எதுக்கு மருந்து?” என்றார். மருந்துச் செலவு போனது போனதுதான்.

மல்லிகை பழைய கிளையில் பூப்பதன்று. புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியிலேயே அது அரும்பு கட்டும். ஆகவே கவாத்துச் செய்யாத செடி முதிர்ந்த கிளையும் இலையுமாகப் புதர் மண்டி நிற்குமேயன்றிப் பூக்காது. நவம்பர் கடைசி வாரத்தில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டி, காய்ந்த கிளைகளையும் நோயுற்றவற்றையும் அறவே நீக்க வேண்டும். அவ்வாறு செய்தால் மார்ச்சு, ஏப்ரலில் பூ வரத் தொடங்கும்.

இங்குதான் குடியானவருக்குச் சங்கடம் நேர்கின்றது. பனிக்காலத்தில் வரத்துக் குறைவதால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை ஏறுகின்றது. கிடைக்கும் கால் படிப் பூவும் பொன்னாகத் தோன்றும் அந்த நாளில் கத்தரிக்கோலை எடுக்க யாருக்கு மனம் வரும்? தை முகூர்த்தம் கழியட்டும் என்று தள்ளிப் போட்டால் அடுத்த பருவத்தின் பூவும் பிந்திப் போகும். கொல்லையை இரு பாகமாக்கி, ஒரு பாதியை உரிய காலத்திலும், மறு பாதியைச் சில வாரம் கழித்தும் கவாத்துச் செய்வது நடுவழியாகும். கைச்செலவுக்குச் சிறிது பூவும் கிடைக்கும். வரத்தெல்லாம் ஒரே சமயத்தில் குவிந்து விலை சரிவதும் ஓரளவு தடைப்படும்.

உரத்தைப் பற்றியும் கூற வேண்டும். செடி ஒன்றுக்கு ஆண்டொன்றிற்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதனைத் தொழுவுரத்துடன், கவாத்தின் போது பாதியும் ஜூன், ஜூலையில் பாதியுமாக இட வேண்டும். தழைச்சத்தைப் போல் மற்ற இரண்டும் இருமடங்கு என்பதைக் கவனியுங்கள். யூரியாவை மட்டும் இட்டால் இலைதான் பெருகும். வேப்பமரத்து நிழலில் நிற்கும் முற்றத்துச் செடிக்கு எந்த உரம் இட்டும் பயனில்லை. மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும்.

இனி, அரும்பு கட்டிக் கெடுவதைப் பார்ப்போம். மொட்டின் அடிப்பாகம் வீங்கி, நிறம் சிவந்து, வளராமல் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மொட்டைப் பிளந்தால் உள்ளே நுண்ணிய புழுக்கள் காணப்படும். மொட்டில் துளையிருந்து, உட்புறம் தின்னப்பட்டு, அடுத்தடுத்த மொட்டுகள் நூலால் பிணைந்து கிடந்தால் அது மொட்டுப்புழு. இலையின் மேல் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தென்பட்டால் சிலந்திப் பேன். வறண்ட கோடையில் இது மிகும். நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் பேன் அடங்கும்.

மொட்டு ஈயே நமக்குப் பெரும் பகை. சிவந்த மொட்டு கலந்த கூடைக்குச் சந்தையில் விலையில்லை. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பினும், வாங்குவோர் பார்ப்பது பெயரையன்று, மொட்டையே. இந்த ஈயின் புழு வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றது. எனவே செடியின் மேல் மட்டும் மருந்து தெளிப்பது பாதி வேலையே. செடியடி மண்ணை அடிக்கடி கொத்திக் கிளறி வெயில் படச் செய்தல் வேண்டும். கெட்ட மொட்டுகளைப் பறித்துக் கொல்லையோரம் எறியாமல் எரித்துவிட வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

கடு நஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பூச்சிக்கும் டி.டி.டி. என்றிருந்த காலம் ஒன்றுண்டு. நம் நாட்டு வேளாண்மையில் அது 1989இல் விலக்கப்பட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. பூவை விடியுமுன் வெறுங்கையால் பறிப்பவர் நம் வீட்டுப் பெண்கள். தொடுப்பவரும் சூடுபவரும் அவர்களே. கடையில் கொடுத்ததை அளவறியாமல் தெளிப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் கொல்லையை மட்டும் கொத்தினால் அடுத்த கொல்லையிலிருந்து ஈ பறந்து வரும். வரப்பை ஒட்டியுள்ள நாலைந்து அங்கத்தினர் ஒரே வாரத்தில் கூடிச் செய்தால்தான் இது பலிக்கும். கவாத்து முடிந்த கையோடு, வெட்டிய கிளைகளை அகற்றும் நாளிலேயே முதற் கொத்தைத் தொடங்கலாம். அப்பொழுது செடி தாழ்ந்திருப்பதால் மண்வெட்டி எளிதில் அடிவரை செல்லும்.